கனிவும் ஒரு பயிற்சியே!

அரியலூர் மாவட்டம் என்றால் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் நினைவுக்கு வரும். அதன் கிழக்குப் பகுதியான ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம் வட்டாரத்துக்கோ முந்திரிக் காடுகளே அடையாளம். முந்திரியும் நெசவும் மழையை நம்பிய வேளாண்மையும் வாழ்வாதாரமாக உள்ள இவ்வூர்களில், பிளஸ் 2 முடிக்கும் பெண்ணுக்குப் பெற்றோர் முதலில் எண்ணிப் பார்க்கும் படிப்புகளுள் ஒன்று செவிலியம். படித்தால் வேலை உண்டு. உள்ளூரில் இல்லாவிட்டால் சென்னையில், அங்கும் இல்லாவிட்டால் வளைகுடா நாடுகளில் உண்டு என்பது அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கில் பிழையில்லை. 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் 2.98 கோடி செவிலியர்கள் இருந்ததாகவும், மேலும் 58 லட்சம் பேருக்குப் பற்றாக்குறை நிலவியதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மத்திய அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில், 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்து 157 செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க முடிவு செய்தது. ரூ.1,570 கோடி மதிப்பிலான இத்திட்டத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டதாரிச் செவிலியர் கூடுதலாகக் கிடைப்பர் என்பது அரசின் மதிப்பீடு. தமிழகத்தில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. மருத்துவமனைகள் விரிவடையும்போது செவிலியரின் தேவையும் பெருகவே செய்யும்.

இவையெல்லாம் எண்ணிக்கை பற்றிய செய்திகள். எத்தகைய செவிலியர் உருவாகிறார் என்பது வேறு கேள்வி. அரசு மருத்துவமனைக்குச் சென்று திரும்புவோர் சொல்லும் குறைகளைக் கூர்ந்து கேட்டால், மருந்து இல்லை, கட்டில் இல்லை என்பவற்றோடு, 'எரிந்து விழுகிறார்கள்', 'கேட்டால் பதில் சொல்வதில்லை' என்ற குறையும் தவறாமல் இடம்பெறும். மறுபக்கம், ஒருவர் நன்றியோடு நினைவுகூரும் மருத்துவமனை அனுபவத்திலும் பெரும்பாலும் ஒரு செவிலியரின் முகமே இருக்கும். மருத்துவர் நோயாளியிடம் சில நிமிடங்கள் நிற்கிறார். செவிலியர் 24 மணி நேரமும் முறை வைத்து உடனிருக்கிறார். ஆகவே, நோயாளியைப் பொருத்தவரை மருத்துவமனையின் குணம் என்பது செவிலியரின் குணமே.

இந்தக் குறைக்கு நாம் சொல்லும் தீர்வு மிகவும் எளிதானது. செவிலியர் சிரித்த முகத்துடன் இருக்க வேண்டும். தாயுள்ளத்தோடு சேவை செய்ய வேண்டும். ஆண்டுதோறும் மே 12 உலக செவிலியர் நாளில் விளக்கேற்றி, உறுதிமொழி எடுத்து, இந்த அறிவுரையை வழங்கிவிட்டுக் கலைகிறோம். இதில் ஒரு பொருளியல் சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. கனிவு என்பது பெண்ணின் பிறவிக் குணம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டாம். பழக நேரம் வேண்டாம். அதற்கென்று ஊதியமும் வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதாகக் கருதப்படும் எந்தப் பொருளுக்கும் யாரும் முதலீடு செய்வதில்லை. செவிலியரின் கனிவுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

தமிழ் மரபு இப்படிக் கருதவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றுக்கு இணையாக, அருகிலிருந்து மருந்தளிப்பவரையும் ஒரு கூறாக வைக்கிறது. ஜெயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் பகுதியிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர் ஆகியோருடன், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யும் பெண்களும் அதில் குறிப்பிடப்படுகின்றனர். அவர்களுக்குரிய ஊதியமும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. நோயாளியைப் பேணுதல் ஊதியத்துக்குரிய தொழில் என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட மண் இது.

நவீனச் செவிலியக் கல்வியும் பிறர் உள்ளம் அறிந்து பழகுவதைப் பிறவிக் குணமாகக் கருதவில்லை. அமெரிக்க மனநலச் செவிலியரான ஹில்டகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை 1952-இல் வெளியான தமது நூலில் நிறுவினார். மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் செவிலியர் தனியாக நூல் எழுதுவதை அன்றைய பதிப்புலகம் ஏற்கத் தயங்கியதால், அந்நூல் வெளிவரச் சில ஆண்டுகள் தாமதமாயின. நோயாளியும் செவிலியரும் அந்நியராகச் சந்திப்பதில் தொடங்கி, நம்பிக்கை வளர்ந்து, உதவியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு, இறுதியில் நோயாளி தன் காலில் நின்று விடைபெறுவது வரை அந்த உறவுக்குப் படிநிலைகள் உண்டு என்றார் அவர். படிநிலைகள் உண்டு என்றால் அவற்றைக் கற்பிக்கவும் முடியும்.

பிறரை அறிவதற்கு முன்பு தன்னை அறிய வேண்டும் என்பது இக்கல்வியின் அடுத்த பாடம். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரு உளவியலாளர்கள் 1955-இல் முன்வைத்த 'ஜோஹாரி ஜன்னல்' நம் செவிலியர் பாடத்திட்டத்திலும் உள்ளது. ஒருவரின் இயல்பை நான்கு கட்டங்களாக அது பிரிக்கிறது: தனக்கும் தெரிந்து பிறருக்கும் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, இருவருக்குமே தெரியாதது. இவற்றுள் மருத்துவமனையில் தீங்கு விளைவிக்கக் கூடியது மூன்றாவது கட்டம். அழுக்கு வேட்டியுடன் வரும் முதியவரிடம் பேசும்போது தன் குரல் உயர்வதை மாணவி அறிவதில்லை. அந்த முதியவர் அறிவார். அறிந்தவர் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கும் விலை உண்டு. மருத்துவ அறிவு மருத்துவரிடம் இருக்கிறது. ஆனால், நோயைப் பற்றிய பல தகவல்கள் நோயாளியிடம் மட்டுமே உள்ளன. சர்க்கரை நோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது, பக்கத்து ஊர் வைத்தியரிடம் பச்சிலை வாங்கி உண்டது, கூலி போய்விடும் என்று நெஞ்சுவலியை மூன்று நாள்கள் மறைத்தது - இவற்றை மூதாட்டி ஒருவர் மருத்துவரிடம் சொல்லத் தயங்கலாம். தன்னை 'ஆயா' என்று அழைத்து, பக்கத்தில் நின்று கேட்கும் பெண்ணிடம் சொல்லிவிடுவார். '12-ஆம் நம்பர் பெட்' என்று அழைப்பவரிடம் சொல்ல மாட்டார். ஆகவே, கனிவான பேச்சை வெறும் உபசாரமாகக் கருதிவிடக் கூடாது. நோயைச் சரியாகக் கண்டறிய உதவும் கருவிகளில் அதுவும் ஒன்று.

தன்னையறிதல் மிகவும் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. முதலாவது, தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவரின் படுக்கை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. சட்டம் மாறிவிட்டது. ஆனால், 'பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா?' என்று அந்தப் படுக்கையருகே எழும் கண்டனக் குரல் மாறிவிட்டதா? கண்டிப்பவர் கொடியவர் அல்லர். தம் வீட்டில், தம் ஊரில் கேட்டு வளர்ந்த தீர்ப்பைத் தம்மையறியாமல் திருப்பிச் சொல்கிறார். அது தீர்ப்பு, சிகிச்சையல்ல என்று அவருக்கு எவரேனும் கற்பித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மகப்பேற்று அறை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை அதட்டுவது, வசைபாடுவது ஆகியவை உலகின் பல நாடுகளில் நிலவும் அவலம் என்பதை உணர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2014-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்தியாவில் 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'லக்ஷ்யா' திட்டம், மகப்பேற்று அறையின் தரத்தை உயர்த்துவதோடு, தாய்க்கு மரியாதையான பராமரிப்பையும் இலக்காக அறிவித்தது. மரியாதையை அளவிடக்கூடிய ஒரு தரமாக அரசே ஏற்றுக்கொண்டது முக்கியமான முன்னேற்றம். மூன்றாவது, மதுவுக்கு அடிமையானவர், மணமாகாமல் கருவுற்றவர், தன் சாதியைச் சாராதவர் ஆகியோரின் படுக்கைகள். இங்கெல்லாம் மாணவியின் கை நடுங்காமல் ஊசி போடப் பழக்குகிறோம். அவர் மனம் சுளிக்காமல் இருக்கப் பழக்குகிறோமா?

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல இயலாது. 2021-இல் அரசிதழில் வெளியான திருத்தப்பட்ட பி.எஸ்சி. செவிலியப் பாடத்திட்டம், உளவியல் பாடத்திலேயே மென்திறன்களுக்கும் தன்னாற்றலை வளர்ப்பதற்கும் தனி அலகுகள் ஒதுக்கியிருக்கிறது. மனநலச் செவிலியப் பாடத்தில் 'உரையாடல் பதிவு' என்ற அருமையான பயிற்சியும் உண்டு. நோயாளி என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது என் மனதில் என்ன எழுந்தது என்பதை மாணவி வரிசையாக எழுதி, ஆசிரியருடன் அமர்ந்து ஆராய வேண்டும். தன் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தைத் தானே காண்பதற்கு இதைவிட எளிய, செலவில்லாத கண்ணாடி வேறில்லை.

குறை நடைமுறையில் இருக்கிறது. அலகுகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஜோஹாரி ஜன்னலின் நான்கு கட்டங்களைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் பெறும் மாணவி, அதில் தன்னை ஒருமுறையேனும் பொருத்திப் பார்த்தாரா என்று கேட்பவர் இல்லை. உரையாடல் பதிவு மனநலப் பிரிவோடு முடிந்துவிடுகிறது. அதுவும் முந்தைய ஆண்டு மாணவியரின் பதிவேட்டைப் பார்த்து எழுதப்படும் அபாயம் எப்போதும் உண்டு. மொழித் திறன் என்றாலே ஆங்கிலம் என்ற மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம் தேவைதான். ஆனால், ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளி, 'கிறுகிறுன்னு வருது', 'நெஞ்சு கரிக்குது' என்று தமிழில்தான் நோயைச் சொல்வார். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும் தமிழில் பயிற்சி தேவை. அப்பயிற்சிக்குப் பாடவேளை எங்கே?

நீண்ட காலம் கல்லூரி வகுப்பறைகளில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வரும் கிராமப்புறப் பெண்களிடம் உள்ள குறை, அறிவின்மை அல்ல. பேசினால் தவறாகிவிடுமோ என்ற அச்சம். அந்த அச்சம் சிலரிடம் மௌனமாக வெளிப்படும். சிலரிடம் கடுமையாக வெளிப்படும். வார்டில் எரிந்து விழும் பலர் உண்மையில் அஞ்சுபவர்கள். இதை உணராமல் அவர்களிடம் 'அன்பாகப் பேசு' என்று ஆணையிடுவதால் பயனில்லை.

அவர்களின் வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செவிலியப் படிப்பில் சேரக் குறைந்தபட்ச வயது 17. சேர்ந்த முதல் ஆண்டிலேயே மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. அதுவரை சாவு வீட்டில் தூர நின்று அழுத பெண், இறந்தவர் உடலைத் துடைத்து, கட்டி, உறவினரிடம் ஒப்படைக்கும் பணியைக் கற்கிறார். காலையில் தன்னிடம் தண்ணீர் கேட்டவர் மாலையில் இல்லை. அன்றிரவு விடுதியில் அந்த மாணவியிடம் 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்பவர் யார்? கேட்பார் இல்லாத துயரம் நாளடைவில் இறுகிப்போகும். நாம் 'கல்நெஞ்சம்' என்று குறை கூறுவது, பல நேரங்களில், அப்படி இறுகிப்போன துயரமே.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983-இல் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், உள்ளத்தில் இல்லாத மலர்ச்சியை முகத்தில் வரவழைப்பதும் உழைப்புதான். அதுவும் ஆளைத் தேய்க்கும் உழைப்பு என்று காட்டினார். செவிலிய மாணவியிடம் புன்னகையை மட்டும் கட்டாயமாக்கி, அதற்குப் பின்னுள்ள உணர்வைக் கேளாமல் விட்டால் நாமும் அவரைத் தேய்க்கிறோம் என்றே பொருள். தன்னையறியும் பயிற்சியின் நோக்கம் நடிக்கக் கற்பிப்பதல்ல. தனக்குள் எழும் கோபத்தை, அருவருப்பை, துயரத்தைப் பெயர் சொல்லி இனம் காண்பதும், அதை நோயாளியின் மேல் இறக்கிவைக்காமல் உரிய இடத்தில் இறக்கிவைப்பதுமே அதன் நோக்கம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒரு செவிலியர் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் கனிவைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து அல்லவா? கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் வழிகாட்டு நெறி. எந்த அரசு மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தாலும், இந்த நெறி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை உணரலாம். போதாததற்கு, தமிழகத்தில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வான செவிலியர்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். இரண்டாண்டுகளில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததால் 2017-இல் அவர்கள் சென்னையில் போராட நேர்ந்தது. தம் நாளை என்னவாகும் என்று தெரியாதவரிடம் பிறர் துயரைக் கேட்கும் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதல்ல.

எனவே, மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், ஆள்கள் போதுமான அளவில் வரட்டும், பிறகு கனிவைக் கற்பிப்போம் என்பது சரியான முடிவாகாது. பதினெட்டு வயதில் படியும் பழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு நீடிக்கும். இன்று பயிலும் தலைமுறைதான் நாளை விரிவடையும் மருத்துவமனைகளின் மூத்த செவிலியர்கள். மேலும், பணியிடங்களையும் பயிற்சி நேரத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டுமே, செவிலியரின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்ற ஒரே ஒப்புதலிலிருந்து பிறக்க வேண்டியவை.

நேரத்தைப் பற்றிப் பொருளியல் தரும் பாடம் இங்கே உதவும். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகியோர் 1966-இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினர். ஆலைகளில் இயந்திரத்தால் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு ஆண்டு உயரும். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கோ அன்றும் இன்றும் அதே நால்வரும் அதே நேரமும் தேவை. அரியலூர் சிமென்ட் ஆலையில் ஒரு மூட்டைக்கான நேரத்தைக் குறைக்க முடியும். அச்சத்தில் இருக்கும் நோயாளி தன் மனதைத் திறப்பதற்கான நேரத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் அது திறமையாகாது. பணியே நடக்கவில்லை என்றாகும். கணினி, கருவிகள், செயலிகள் ஆகியவற்றால் மிச்சமாகும் செவிலியரின் நேரத்தைக் கூடுதல் பதிவேடுகளுக்குத் திருப்பாமல் நோயாளியின் பக்கம் திருப்புவதே சரியான நிர்வாகம்.

அச்சமும் தகவலின்மையும் கோபமாக முற்றும்போது என்ன நேரும் என்பதையும் நாம் அறிவோம். 2024 நவம்பரில் சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில், பணியிலிருந்த மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்திய சம்பவம் தமிழகத்தை உலுக்கியது. அத்தகைய வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதை உறுதியாகச் செயல்படுத்த வேண்டும். ஆனால், சட்டம் சம்பவத்துக்குப் பிறகு வருவது. காத்திருக்கும் உறவினரிடம், 'இன்ன பரிசோதனை நடக்கிறது. முடிவு தெரிய இவ்வளவு நேரமாகும்' என்று எடுத்துச் சொல்லும் பழக்கம் சம்பவத்துக்கு முன்பு வருவது. எல்லா வன்முறையையும் அது தடுத்துவிடாது. பல வாக்குவாதங்களை முளையிலேயே தணிக்கும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. உரையாடல் பதிவை மனநலப் பிரிவோடு நிறுத்தாமல், முதல் மருத்துவமனைப் பயிற்சியிலிருந்தே எல்லா வார்டுகளுக்கும் விரிவுபடுத்தலாம். வாரம் ஒரு மணி நேரம், பத்துப் பேர் கொண்ட குழுவாக அமர்ந்து, அவ்வாரம் மனதைத் தைத்த நிகழ்வுகளைப் பேசுவதற்கு ஒதுக்கலாம். இதற்கு மதிப்பெண் கூடாது. மதிப்பெண் வைத்தால், உணர்ந்ததை எழுதாமல் ஆசிரியர் விரும்புவதை எழுதுவார்கள். தமிழில் நோயாளியிடம் பேசும் பயிற்சிக்கு ஓய்வுபெற்றோரையும் சுயஉதவிக் குழுப் பெண்களையும் நோயாளிகளாக நடிக்க அழைக்கலாம். 'உன் பேச்சு எனக்கு எப்படி இருந்தது' என்று அவர்கள் சொல்வது நூறு பாடங்களுக்குச் சமம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் செவிலியருடன் மாணவியரையும் அனுப்பலாம். மருத்துவமனைக்குள் அதிகாரம் செவிலியரிடம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் அவர் விருந்தினர். அந்த இடமாற்றமே பணிவைக் கற்பிக்கும்.

மாணவியர் அறிவுரையைக் கேட்டு வளர்வதைவிட, கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தே வளர்கின்றனர். மருத்துவர் செவிலியரை நோயாளிகளின் முன்னிலையில் கடிந்துகொள்கிறார். செவிலியர் மாணவியைக் கடிந்துகொள்கிறார். மாணவிக்குக் கிடைப்பவர் நோயாளி மட்டுமே. மேலிருந்து இறங்கும் இந்தச் சங்கிலியை அறுக்காமல் கடைசிக் கண்ணியை மட்டும் மெருகேற்றிப் பயனில்லை. மரியாதை என்ற பாடத்தை மாணவி முதலில் பெறுபவராக இருந்து கற்க வேண்டும். வழங்குபவராகப் பிறகு தானே ஆகிவிடுவார்.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேற்றுத் துறை ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. கல்வித் தரத்தை வகுக்கும் பொறுப்பு புதிய அமைப்பின் கைக்குச் செல்லும் காலம் இது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும்போது கட்டடத்தின் சதுர அடியும் ஆய்வகக் கருவிகளின் எண்ணிக்கையும் கணக்கிடப்படுவது வழக்கம். மாணவியர் மனம்விட்டுப் பேச வாரத்தில் ஒரு மணி நேரம் அட்டவணையில் இருக்கிறதா, அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்து மகளைச் செவிலியம் படிக்க வைக்கும் தாய், ஒருநாள் தானே நோயாளியாக அந்த மருத்துவமனைப் படுக்கையில் கிடக்க நேரலாம். அப்போது அவரருகே நிற்கப்போவது இன்னொரு தாயின் மகள். அவர் எப்படிப் பேசுவார் என்பது இன்று நாம் அமைக்கும் பாடவேளைகளில் தீர்மானிக்கப்படுகிறது.